நேட்டா அத்தையின் கோப்பை

அக்டோபர் 9, 1993, சனி

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். எனக்கு அவமானமாக இருந்தாலும் எழுதுவேன். அழகுக்காக ஒரு சொல்கூடச் சேர்க்க மாட்டேன்.

எழுதிவிட்டுப் பார்த்தால் பாஸ்டர் முன்னால் செய்யும் பிரமாணம் போல இருக்கிறது. பரவாயில்லை, எழுதியதை அடிக்கப் போவதில்லை.

நாளை எங்கள் மாடி அறைக்கு இரண்டு பேர் வருகிறார்கள். ஓர் அம்மா, ஒரு பெண். கஜகஸ்தானிலிருந்து. அவர்களுடைய முன்னோர்கள் இருநூறு வருஷம் முன்னால் வட ஜெர்மனியின் இந்தக் கடலோரப் பக்கத்திலிருந்து போன ஜெர்மானியர்கள். இப்போது கூட்டம் கூட்டமாகத் திரும்பி வருகிறார்கள். நோர்டன் பள்ளி விளையாட்டுக் கூடத்தில் கட்டில் போட இடமில்லை என்று போன ஞாயிறு பாஸ்டர் எயில்ட்ஸ் ஆலயத்தில் கேட்டார். யாரும் கை தூக்கவில்லை. அப்புறம் அம்மா தூக்கினாள். அம்மா! கூட்டத்தில் தும்மக்கூட வெட்கப்படுகிறவள்.

நூலகத்தில் உள்ள பயணப் புத்தகங்களை எல்லாம் படித்துவிட்டேன். எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் தூர தேசம் போய், அங்கே இருப்பவர்கள் சாப்பிடுவதைப் பார்த்து ஆச்சரியப்படுகிறார். எங்களைப் பார்த்து ஆச்சரியப்பட இதுவரை யாரும் வந்ததில்லை. இப்போது வருகிறார்கள். அவர்கள் சொல்வதை எல்லாம் குறித்துக்கொள்ளப் போகிறேன். ஆராய்ச்சியாளருக்கு மூன்று விதி: பார், குறித்துக்கொள், குறுக்கே போகாதே.

அக்டோபர் 10, ஞாயிறு

வந்துவிட்டார்கள். இரண்டு பெட்டி, ஒரு தலையணை, கயிறு கட்டிய ஒரு பெரிய பாத்திரம்.

வந்திருக்கும் அம்மாவின் பெயர் நேட்டா வீன்ஸ். "அத்தைன்னே கூப்பிடு" என்றார். பெண் இர்மா, என்னைப் போலவே பதிமூன்று வயது. அவளுடைய அப்பா அங்கே நிலக்கரிச் சுரங்கத்தில் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. நேட்டா அத்தை பேசுவது ஏறக்குறைய எங்கள் வட்டாரப் பேச்சு, ஆனால் பழசு. அப்பாவுக்கு ஒரே குஷி. "கல்லறையிலேர்ந்து என் கொள்ளுத் தாத்தா எழுந்து வந்து பேசற மாதிரி இருக்கு" என்றார். அம்மா அவர் காலை மேசைக்கு அடியில் மிதித்தாள். நேட்டா அத்தை மட்டும் வாய்விட்டுச் சிரித்தார்.

மூன்று மணிக்குத் தேநீர். ரோஜாப் பூ போட்ட மெல்லிய கோப்பைகளை அம்மா எடுத்திருந்தாள். முதலில் கற்கண்டு, அது மூழ்கும் அளவுக்குத் தேநீர், ஓரத்தில் பாலேடு. இர்மா ஸ்பூனை எடுத்துக் கலகலவென்று கலக்கினாள். அப்பா இருமினார். எங்கள் பக்கம் தேநீரைக் கலக்கக் கூடாது; கலக்குகிறவர்களைக் கண்டால் அப்பாவுக்கு இருமல் வரும்.

இரண்டு கோப்பை குடித்ததும் இர்மா தன் கோப்பையைச் சாசரில் கவிழ்த்து வைத்தாள். அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "ஏன், கோப்பை அழுக்கா இருந்துச்சா?"

நேட்டா அத்தை இர்மாவின் கையில் பட்டென்று ஒரு தட்டு தட்டினார். "நிமிர்த்துடி. அவங்க வீடு, அவங்க முறை." பிறகு அம்மாவிடம், "எங்க பக்கம் போதும்னா கவுத்து வைப்போம். தப்பா எடுத்துக்காதீங்க" என்றார்.

அதனால் அவர் தன் கோப்பையைக் கவிழ்க்கவில்லை. "போதுங்க" என்று வாயால் சொன்னார். "மூணுகூட ஆகலையே!" என்று அம்மா ஊற்றினாள். மூன்று ஆனதும் அவர் ஸ்பூனைச் சாசரில் அழகாக வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

சாசரில்!

எங்களிடம் போதும் என்றால் ஸ்பூனைக் கோப்பைக்குள் போட வேண்டும். போடாதவரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். இதை எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, நடக்கத் தெரிந்த நாள் முதல் தெரியும். வீட்டு ஆட்களுக்கு ஸ்பூன் வேலையே இல்லை. யாருக்கு எத்தனை என்று அம்மாவுக்கே தெரியும். அதனால் நேட்டா அத்தை எங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளவும் வழியில்லை.

அம்மா நாலாவது ஊற்றினாள். ஐந்தாவது. ஆறாவது கோப்பையில் எனக்குப் புரிந்துவிட்டது. 'அத்தை, ஸ்பூனை உள்ளே போடுங்க' — சொல் நாக்கு நுனியில் இருந்தது. குறுக்கே போகாதே என்று என் விதி ஞாபகம் வந்தது. சரி, உண்மையைச் சொல்கிறேன்: விதி மட்டும் இல்லை. எத்தனை வரை போகும் என்று பார்க்க ஆசையாக இருந்தது.

ஒன்பது. நெற்றியில் வேர்வை பூத்திருந்தது. கண்களும் பளபளத்தன.

பாத்திரம் கழுவும்போது அம்மா மெல்லப் பாடிக்கொண்டிருந்தாள். "ஒன்பது கோப்பை, ஃபென்னா! என் தேநீரை இந்த ஊர்ல யாரும் இப்படிக் குடிச்சதில்ல."

அக்டோபர் 12, செவ்வாய்

இர்மாவின் கருத்துகள், அவள் சொன்னபடியே:

"உங்க கறுப்பு ரொட்டியைத் தூக்கி எறிஞ்சா கண்ணாடி உடையும்."

"தண்ணியில ஏன் ஊசி போட்டு வெச்சிருக்கீங்க?" (சோடாத் தண்ணீரைச் சொல்கிறாள்.)

"ராத்திரிச் சாப்பாடு உங்க வீட்டுல ஆறிப்போயேதான் பிறக்குமா?"

கடைசிக் கேள்வி முதல் நாள் இரவுச் சாப்பாட்டைப் பற்றியது. ஆறு மணிக்கு வழக்கம்போல ரொட்டி, சீஸ், சாசேஜ், ஊறவைத்த வெள்ளரி; ஆளுக்கு ஒரு மரப்பலகை. அவர்கள் இருவரும் ஒரே ஒரு துண்டு எடுத்துக் கொறித்துக்கொண்டு காத்திருந்தார்களாம். இதற்குப் பிறகுதான் சாப்பாடு வரும் என்று! அம்மா மேசையைத் துடைத்தபோதுதான் வராது என்று புரிந்ததாம்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளும் சிரித்தாள். "சிரிக்காதடி, வயிறு கத்தினது கீழ உங்களுக்குக் கேட்டிருக்கும்" என்றாள்.

இன்னொன்று. சமைக்கும் முன் அம்மா எல்லோரிடமும் "எத்தனை உருளைக்கிழங்கு?" என்று கேட்பாள். மந்திரி வந்தாலும் கேட்பாள். மிச்சம் விழக்கூடாது. இன்று நேட்டா அத்தையிடம் கேட்டபோது அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு "ஒண்ணு" என்றார். அம்மா சரியாக ஒன்று போட்டாள்.

"எங்க ஊர்ல இப்படி எண்ணிக் கேட்டா, இனிமே வராதேன்னு அர்த்தம்" என்று இர்மா மாடியில் சொன்னாள். சிரிக்காமல் சொன்னாள்.

அக்டோபர் 13, புதன்

"ஒருத்தருக்கு ரெண்டு கிழங்குக்குக் குறைஞ்சா என் அடுப்பு வேலை செய்யாது" என்று அப்பா இன்று அறிவித்துவிட்டார். அப்பாவுக்கு அடுப்பு பற்றவைக்கத் தெரியாது.

அக்டோபர் 16, சனி

பச்சைப் பன்றிக் கொத்துக்கறியை வெங்காயத்தோடு ரொட்டியில் தடவி அப்பா சாப்பிட்டதைப் பார்த்து இர்மா நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். "சமைக்க மறந்துட்டாங்கன்னு சொல்லு" என்று என் காதில் சொன்னாள். அப்பா அவளைப் பார்த்துக்கொண்டே இன்னொரு கடி கடித்து, பன்றி மாதிரி உறுமினார். அவள் அலறிக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள்.

இந்த வீட்டில் இவ்வளவு சத்தம் கேட்டு நாளாயிற்று.

அக்டோபர் 20, புதன்

முக்கியமான செய்தி. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், என் ஜன்னலுக்கு நேர் எதிரே, பழைய ஆசிரியர் வீடு இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. ஆலயத்தின் சொத்து. நேட்டா அத்தைக்குச் சம்மதம் என்றால் அதை அவர்களுக்கே தருகிறேன் என்று பாஸ்டர் சொல்லிவிட்டார்! முதியோர் இல்லச் சமையலறையில் வேலையும் இருக்கிறதாம். ஆனால் டெட்மோல்ட் பக்கம் நேட்டா அத்தையின் அண்ணன் இருக்கிறார். அங்கே வா, வா என்று வாரத்துக்கு இரண்டு முறை போன் செய்கிறார். மாதக் கடைசிக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

சாயங்காலம் இர்மாவும் நானும் கடலணை மேட்டில் காற்றுக்குக் குனிந்து நடந்தோம். ஆடுகள் எங்களைப் பார்த்தன.

"உங்கம்மா என்ன சொல்றாங்க?"

"இங்கதான் புடிச்சிருக்குங்கிறா. மாமா வீட்டுல எல்லாரும் எப்பவும் உபதேசம் பண்ணுவாங்க. இங்க பேச்சு நம்ம பேச்சு மாதிரியே இருக்குங்கிறா. ஆனா..."

"ஆனா என்ன?"

"உங்கம்மாவுக்கு நாங்க இருக்கிறது புடிச்சிருக்கா இல்லையான்னு எங்கம்மாவுக்குத் தெரியலை. முகத்துல ஒண்ணும் தெரிய மாட்டேங்குது."

"அம்மா முகம் அப்படித்தான்" என்றேன்.

"அதுசரி, உங்கம்மா ஏன் தேநீரை ஊத்திக்கிட்டே இருக்காங்க?"

"உங்கம்மா ஏன் குடிச்சுக்கிட்டே இருக்காங்க?"

இரண்டு பேரும் புல்லில் உட்கார்ந்து சிரித்தோம். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் இந்த வேடிக்கை முடிந்துவிடும் என்று தோன்றியது.

பள்ளியில் என்னை 'நூலகப் பூச்சி' என்பார்கள். மதியம் யாரும் என் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். இந்தப் பத்து நாளாக, என்னோடு பள்ளிக்கு வரும் இர்மா உட்காருகிறாள். அவள் இங்கேயே இருக்க வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டாம். கிறிஸ்துமஸுக்குப் புத்தகம்கூட வேண்டாம்.

அக்டோபர் 23, சனி

அப்பா ஆசிரியர் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆரம்பித்துவிட்டார். "சம்மதம் சொல்றதுக்கு முன்னாடியேவா?" என்று அம்மா கேட்டாள். "சுவர் என்ன, வேண்டாம்னா சொல்லப் போகுது?" என்றார். அணை வேலை முடிந்து வந்ததும் நேரே அங்கே போகிறார். என் ஜன்னலிலிருந்து அந்த விளக்கு தெரிகிறது.

இன்று நேட்டா அத்தை எங்கள் சமையலறையில் பன் சுட்டார். ஒரு பெரிய உருண்டை, அதன் தலையில் ஒரு சின்ன உருண்டை, இரண்டு மாடி வீடு போல. வெண்ணெய் வாசனை தெருவரை போனது. தட்டு தட்டாக வந்துகொண்டே இருந்தது. அறுபதுக்கு மேல் அம்மாவால் தாங்க முடியவில்லை.

"யாருக்கு இவ்வளவு?"

"வர்றவங்களுக்கு."

"யார் வர்றாங்க?"

"சனிக்கிழமை சாயங்காலமாச்சே. யாராவது வருவாங்க."

நேட்டா அத்தை வாசல் கதவைத் திறந்து வைத்தார். தலைக்குப் புதுத் துணி கட்டிக்கொண்டார். இன்று நானே தேநீர் தருகிறேன் என்று கேட்டு வாங்கி, ஆளுக்குப் பாதிக் கோப்பைதான் ஊற்றினார். குடித்ததும் மறுபடி பாதி. மறுபடி பாதி. எங்கள் கோப்பைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

யாரும் வரவில்லை. போன் செய்யாமல் இங்கே யார் யார் வீட்டுக்கு வருகிறார்கள்? பாஸ்டரின் கார் மட்டும் போனது, கை ஆட்டினார். ஆறு மணிக்கு அம்மா எழுந்து கதவைச் சாத்தினாள். "சூடெல்லாம் வெளியே போகுது." அவ்வளவுதான் சொன்னாள்.

நேட்டா அத்தை மிச்ச பன்களை அடுப்பில் மொறுமொறுவென்று உலர்த்தித் தகர டப்பாவில் போட்டார். "இது வசந்தம் வரைக்கும் கெடாது. வர்றவங்க என்னைக்காவது வருவாங்க" என்றார். அந்த டப்பாவை அப்பா, தான் வெள்ளையடிக்கும் ஆசிரியர் வீட்டுக்கு எடுத்துப்போனார்.

பிறகு அம்மா என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "பாதிக் கோப்பையா ஊத்தினாங்களே, பார்த்தியா? பாவம், நம்ம தேயிலை செலவாகுதேன்னு பயப்படுறாங்க. அவ்வளவு ஆசையா குடிக்கிறவங்க."

அக்டோபர் 28, வியாழன்

அம்மா நோர்டனில் ஒரு கோப்பை வாங்கி வந்திருக்கிறாள். என் இரண்டு கைக்கும் அடங்காத அளவு பெரியது. அதே ரோஜாப் பூ. கடைக்காரரிடம் சொல்லி 'நேட்டா' என்று பெயர் எழுத வைத்திருக்கிறாள். என் பெயர் போட்ட கோப்பை எனக்கே இல்லை.

"ஞாயித்துக்கிழமை குடுக்கலாம்னு இருக்கேன். முடிவு சொல்ற நாள் அதானே" என்றாள். காது சிவந்திருந்தது.

"இங்கயே இருங்கன்னு வாயால சொல்லேன்மா."

"அதெல்லாம் எனக்கு வராது. கோப்பையைப் பார்த்தா புரிஞ்சுக்க மாட்டாங்களா?"

அக்டோபர் 30, சனி

இர்மாவும் நானும் ஒரு பெரிய பீட்ரூட் கிழங்கைக் குடைந்து விளக்கு செய்தோம். மார்ட்டினி நாளன்று சின்னப் பிள்ளைகள் இந்த விளக்கோடு வீடு வீடாகப் பாடிக்கொண்டு போவார்கள். நாங்கள் பெரியவர்கள்தான், ஆனால் இர்மா ஒருமுறைகூடப் போனதில்லையே. கிழங்குக்கு அப்பாவின் மூக்கு வைத்தாள். அப்பா கண்ணாடியில் பார்த்துவிட்டு, "என் மூக்கு இன்னும் பெருசு. குறைச்சுட்ட" என்றார்.

அக்டோபர் 31, ஞாயிறு

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

மதியம் எல்லாம் நன்றாகவே இருந்தது. வறுத்த மாட்டிறைச்சி, சிவப்பு முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு. அம்மா இந்த முறை எத்தனை என்று கேட்கவில்லை! பெரிய பானை நிறைய வேகவைத்தாள். நேட்டா அத்தை மூன்று எடுத்துக்கொண்டார். குழம்பைக் கிழங்கின் மேல் ஏரி மாதிரி ஊற்றிக்கொண்டார், அப்பாவைப் போலவே.

மூன்று மணிக்கு அம்மா அந்தப் பெரிய கோப்பையைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். நேட்டா அத்தை தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தார். முகம் முழுக்க மலர்ந்தது. நான் பார்த்தேன், பொய் இல்லை.

அப்புறம் அம்மா ஊற்றினாள். பாதி. முக்கால். நிறுத்தவில்லை. பாலேட்டையும் விட்டு, விளிம்பில் ததும்பும் வரை ஊற்றினாள். ஒரு சொட்டு சாசரில் விழுந்தது.

"இந்தத் தடவை முழுசா ஊத்திட்டேன். குடிங்க. இனிமே குட்டிக் கோப்பையோட அல்லாட வேண்டாம்" என்றாள். அம்மா இத்தனை வார்த்தை சேர்த்துப் பேசுவதே அபூர்வம்.

நேட்டா அத்தை கோப்பையைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். மறுபடி கோப்பையைப் பார்த்தார். முகத்தில் இருந்தது எல்லாம் உள்ளே போய்விட்டது. இர்மா மேசைத் துணியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். நேட்டா அத்தை அந்தக் கோப்பை முழுவதையும் நிறுத்தாமல் குடித்து முடித்தார். எழுந்தார். தானே கழுவினார். "ரொம்ப நல்லா பார்த்துக்கிட்டீங்க" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனார்.

"பிடிக்கலையா?" என்று அம்மா அப்பாவைக் கேட்டாள். "சந்தோஷத்துல பேச்சு வரலை" என்றார் அப்பா.

எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நவம்பர் 1, திங்கள்

டெட்மோல்டுக்குப் போகிறார்கள். வியாழக்கிழமை ரயில்.

நவம்பர் 2, செவ்வாய்

ஏன்? ஏன்னு கேட்டா அம்மா சொல்ல மாட்டேங்கிறா, இர்மா பேச மாட்டேங்கிறா. நான் என்னடி பண்ணேன்?

நவம்பர் 3, புதன்

பாஸ்டர் வந்து கேட்டதற்கு, "அண்ணன் தனியா இருக்கார்" என்றாராம் நேட்டா அத்தை. அவருடைய அண்ணனுக்கு ஏழு பிள்ளைகள்.

அப்பா இன்றும் ஆசிரியர் வீட்டில் வெள்ளையடிக்கிறார். பாதியில் நிறுத்தினால் சுவர் அசிங்கமாக இருக்கும் என்கிறார்.

நவம்பர் 4, வியாழன்

நோர்டன் ரயில் நிலையம். மழை. அப்பா பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். அம்மா நேட்டா அத்தைக்குக் கை கொடுத்தாள். இரண்டு பேரும் கையை விடாமல், ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள்.

நான் இர்மாவைத் தூணுக்குப் பின்னால் இழுத்தேன். "இங்க இருக்கப் புடிச்சிருக்குன்னு சொன்னியே. பொய்யா?"

"எங்கம்மா இருக்கணும்னுதான் இருந்தா! உங்கம்மாதானே போகச் சொன்னாங்க!"

"எப்ப சொன்னாங்க? அம்மா அப்படிச் சொல்லவே மாட்டாங்க!"

"கோப்பையை விளிம்பு வரைக்கும் நிரப்பினாங்களே, நீ பார்க்கலை?"

நான் அவளையே பார்த்தேன். அவள் அழுதுகொண்டே மூக்கைத் துடைத்தாள். "எங்க ஊர்ல விருந்தாளிக்குப் பாதிக் கோப்பைதான் ஊத்துவோம். கஜக்காரங்களும் அப்படித்தான், நாங்களும் அப்படித்தான். பாதி குடுத்தா, இரு, இன்னும் ஊத்துறேன்னு அர்த்தம். முழுசா நிரப்பினா, குடிச்சிட்டுக் கிளம்புன்னு அர்த்தம். சின்னக் குழந்தைக்கும் தெரியும் அது. முதல் நாள் உங்கம்மா ஒன்பது தடவை ஊத்தினாங்க. அம்மா மாடிக்கு வந்து அழுதா, ஃபென்னா, சந்தோஷத்துல. நம்மள இருக்கச் சொல்றாங்கன்னு. அப்புறம் பேர் எல்லாம் எழுதி, பெரிய கோப்பையா வாங்கி, அதுல நிரப்பி... இவ்வளவு அழகா யாரும் யாரையும் வெளிய அனுப்பினதில்லைன்னா எங்கம்மா."

"இல்லடி. இல்ல. எங்க அம்மா..."

வாய் திறந்தேன். எங்கிருந்து ஆரம்பிப்பது? ஸ்பூனிலிருந்தா? ரயில்காரர் ஊதினார். அவள் ஓடினாள். கதவு மூடிய பிறகு நான் கத்தினேன், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று. அவள் கை ஆட்டுகிறேன் என்று நினைத்து அவளும் ஆட்டினாள்.

நவம்பர் 5, வெள்ளி

அலமாரியில் அந்தப் பெரிய கோப்பை இருக்கிறது. அவர்கள் எடுத்துப்போகவில்லை. கழுவித் துடைத்து, சாசரில் கவிழ்த்து வைத்திருக்கிறார் நேட்டா அத்தை.

ஈரம் வடிய வைத்திருக்கிறார் என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நவம்பர் 6, சனி

ஒன்பது கோப்பை என்று இந்த நோட்டில் எவ்வளவு பெருமையாக எழுதியிருக்கிறேன். ஆராய்ச்சியாளராம். அன்றைக்கே ஸ்பூனை உள்ளே போடச் சொல்லியிருந்தால், எங்களுக்கு ஒரு வழக்கம், உங்களுக்கு ஒரு வழக்கம் என்று பேச்சு அப்போதே தொடங்கியிருக்கும். அம்மாவுக்குப் பெரிய கோப்பை வாங்கத் தோன்றியிருக்காது. நேட்டா அத்தை பாதிப் பாதியாக ஊற்றிய அன்றும் நான் பார்த்தேன். ஏன் என்று கேட்டிருக்கலாமே! குறித்துக்கொண்டேன். அவ்வளவுதான் செய்தேன்.

நாளை அம்மாவிடம் சொல்கிறேன்.

நவம்பர் 7, ஞாயிறு

சொல்லிவிட்டேன். தேநீர் நேரத்தில். கோப்பையைப் பற்றி முதலில், ஸ்பூனைப் பற்றி அப்புறம்.

அம்மா கெட்டிலைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அப்பாதான் அதை வாங்கிக் கீழே வைத்தார்.

"நானே வெளிய அனுப்பினேனா?" என்றாள். "அவங்க பேரை எழுதி?"

"நான் சொல்லியிருக்கணும்மா. எனக்குத் தெரியும். வேடிக்கை பார்த்தேன்."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. "நானும்தான் பார்த்தேன். அஞ்சாவதுலேயே அவங்க வேர்த்துப்போனதைப் பார்த்தேன். ஸ்பூன் வெளியே இருக்குன்னும் பார்த்தேன். ஆனா எனக்கு நிறுத்த மனசு வரலை, ஃபென்னா. என் தேநீரை இவ்வளவு ஆசையா ஒருத்தர் குடிச்சா..."

பிறகு நேரே போனுக்குப் போனாள். வெளியூருக்கு அம்மா போன் செய்வது சாவுக்கு மட்டும்தான். யார் யாரோ பிள்ளைகள் எடுத்தார்கள், பைபிள் வாசிப்பு நடந்துகொண்டிருந்ததாம். கடைசியில் நேட்டா அத்தை வந்தார். அம்மா ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். எழுதி வைத்துப் படிப்பவள் போல, கண்ணை மூடிக்கொண்டு.

அந்தப் பக்கம் நேட்டா அத்தை சிரித்தது எனக்கே கேட்டது.

"ஒன்பது கோப்பை, ஹில்கே! என் வயிறு ஆத்துல விழுந்த மாடு மாதிரி உப்பிக் கிடந்தது! ஒரு ஸ்பூன்! ஒரே ஒரு ஸ்பூன்!"

அம்மாவும் சிரித்தாள். பிறகு இரண்டு பேரும் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"திரும்பி வாங்க" என்றாள். வாயால் சொன்னாள்! "வீடு தயாரா இருக்கு. ஹப்போ சுவரெல்லாம் முடிச்சுட்டார்." (ஹப்போ, அப்பாவின் பெயர்.)

அண்ணன் தன் பக்கத்திலேயே வீடு பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். அரசு அலுவலகத்தில் அங்கேயே பதிவாகிவிட்டதாம். இனி ஊர் மாறினால் உதவி எல்லாம் நின்றுபோகும். இர்மாவுக்கு நாளைக்குப் பள்ளி. "ஒரு வாரம் முன்னாடி தெரிஞ்சிருந்தா, ஹில்கே" என்றாராம்.

கோப்பையை அனுப்பட்டுமா என்று அம்மா கேட்டாள்.

"வேண்டாம், அங்கயே இருக்கட்டும். வரும்போது குடிக்க வேணுமே" என்றார்.

என்னிடம் இர்மா பேசினாள். "அப்போ நீ ஸ்டேஷன்ல கை ஆட்டலையா?" "இல்லடி, கத்தினேன்." "என்னன்னு?" "பாதிதான்னு நெனச்சுக்கோன்னு." அவளுக்குச் சிரிப்பு வந்தது. "இங்க மாமா வீட்டுல ராத்திரிக்கு சூடா சூப் தர்றாங்க" என்றாள். அப்புறம், "ஆனா யாரும் பன்றி மாதிரி உறும மாட்டேங்கிறாங்க" என்றாள்.

போனை வைத்ததும் அம்மா அலமாரியைத் திறந்து, கவிழ்ந்திருந்த கோப்பையை நிமிர்த்தி வைத்தாள்.

நவம்பர் 8, திங்கள்

மதியம் தனியாகச் சாப்பிட்டேன். புத்தகம் திறந்திருந்தது. படிக்கவில்லை.

நவம்பர் 10, புதன்

மார்ட்டினி. ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. நான் போகவில்லை. அப்பாவின் மூக்கு வைத்த கிழங்கு விளக்கை ஏற்றி ஜன்னலில் வைத்தேன். வாடிச் சுருங்கிவிட்டது, இப்போதுதான் அப்பா மாதிரியே இருக்கிறது.

சின்னப் பிள்ளைகள் பாடிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார்கள். அம்மா ஆளுக்கு எத்தனை மிட்டாய் என்று எண்ணாமல் அள்ளி அள்ளிப் போட்டாள். ஒரு பையனின் பை கிழிந்துவிட்டது.

விளக்கு எரியாத வீட்டுக்கு யாரும் பாடப் போவதில்லை. ஆனால் ஆசிரியர் வீட்டில் இன்று விளக்கு எரிந்தது. ஏணியையும் தூரிகைகளையும் எடுத்து வர அப்பா போயிருந்தார். பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு, புதுசா யாரோ வந்துட்டாங்க என்று கத்திக்கொண்டு வாய்க்கால் பாலத்தின் மேல் ஓடினார்கள். விளக்குகள் எல்லாம் குலுங்கிக்கொண்டு போயின.

அப்பா கதவைத் திறந்து நின்றார். பாட்டு முடியும்வரை நின்றார். கையில் ஒன்றும் இல்லை. சட்டைப் பையைத் தடவினார். பிறகு உள்ளே போய், நேட்டா அத்தையின் தகர டப்பாவைக் கொண்டுவந்து திறந்தார்.

ஆளுக்கு ஒன்று கொடுத்தார். பிள்ளைகள் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். யாரோ ஒருத்தி மேல்மாடியை முதலில் கடித்தாள். மொறுமொறு சத்தம் எனக்குக் கேட்டிருக்க முடியாது, ஆனால் கேட்டது. இன்னும் வேண்டும் என்று கை நீட்டினார்கள். டப்பா காலியாகும்வரை கொடுத்தார்.

அம்மா எப்போது வந்து என் பின்னால் நின்றாள் என்று தெரியவில்லை. "வந்தவங்க சாப்பிட்டாச்சு" என்றாள்.

பிள்ளைகள் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்கள். அப்பா ஏணியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒருமுறை உள்ளே திரும்பிப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, ஒவ்வொரு அறையாக, ஆசிரியர் வீட்டு விளக்குகளை அணைத்தார்.